தாய் வீட்டைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு,

வலிப்பு வரும் பிள்ளைக்கு நூல் கட்டுவதோடு நின்றுவிடும் வீடுகள் எங்கள் வெள்ளவத்தையிலும் இருக்கின்றன. வலிப்புக்குக் காரணமாகும் நோய்களில் ஒன்றான டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் டிஎஸ்சி1 அல்லது டிஎஸ்சி2 மரபணு பழுதாகிறது; அவை உண்டாக்கும் ஹமார்டின், டியூபெரின் புரதங்கள் சேர்ந்துதான் எம்டோர் என்ற வளர்ச்சிப் புரதத்தை அடக்கி வைக்கின்றன, அந்தப் பிடி தளர்ந்தால் மூளைக் கலங்கள் அளவுமீறிப் பெருத்து, கட்டிகளும் வலிப்பும் வரலாம். இந்த நோய்க்குக் கொடுக்கப்படும் எவரோலிமஸ் மருந்து அடக்குவதும் இதே எம்டோரைத்தான். சரி, பரம்பரை நோய் என்றதும் ஏன் தாயின் குடும்பத்தைக் கிண்டுகிறார்கள்? ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு இது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, புதிதாக ஏற்பட்ட பழுது. வலிப்போடு தோலில் இலை வடிவ வெளிர்த் திட்டுகளும் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாசகர்,
கொழும்பு 6