மூன்று யுகுலேலே

சான் ஹோசே

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து மனசு நிறைந்துவிட்டது. குழந்தையின் போட்டோ ஒன்று அனுப்பு.

"முதியோர் இல்லங்களில் பாடியா பிழைப்பு ஓடுகிறது?" என்று கேட்டிருக்கிறாய். ஓடுகிறது வசந்தி. யுகுலேலே வாசித்துக்கொண்டே பாடுகிறேன். கிதார் மாதிரிதான், ஆனால் சின்னது, நாலே தந்தி. இங்கே பல இல்லங்களில் பாட்டுக்கென்று ஒரு தொகை ஒதுக்கி, மாதா மாதம் தேதி குறித்துக் கூப்பிடுகிறார்கள். பெரிய வருமானம் இல்லை. ஆனால் இதைத் தொழிலாகத்தான் செய்கிறேன். சும்மா பொழுதுபோக்கு இல்லை.

பலரும் தவறவிடுவது பாட்டுத் தேர்வில்தான். வயதானவர்கள் என்றதும் உலகப்போர் காலத்துப் பாட்டை எடுத்துவிடுகிறார்கள். இப்போது எண்பது வயதில் இருப்பவர் 1960-களில் இளைஞர். போர்க்காலப் பாட்டு அவருடைய அம்மா கேட்டது! அவர் பதினெட்டு வயதில் ரேடியோவில் கேட்டதைப் பாடினால்தான் கூடவே வாய் அசைகிறது. அதையும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கித்தான் பாட வேண்டும். வயதாக ஆகப் பெண்களுக்குக் குரல் தணிந்துவிடும். பழைய சுருதியிலேயே எடுத்தால் பாவம், பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

ஏன் யுகுலேலே என்றால், அதன் சன்னமான ஒலி. காதில் கருவி மாட்டியவர்களுக்கு ஸ்பீக்கர் சத்தம் வெறும் இரைச்சல். இதை முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்து வாசிக்கலாம். நைலான் தந்தி என்பதால் மூட்டு வலிக்காரர்களும் தொடலாம்.

போன வாரம் ஒரு இல்லத்தில் மூன்று யுகுலேலே கொண்டுபோனேன். ஒன்றில் ஏ ஸ்வரத்துக்குச் சேர்த்திருக்கும் தந்தியை மட்டும் ஜி ஸ்வரம் வரை இறக்கினேன். எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே சி மேஜர் என்ற கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு, வந்துவிடும். மற்ற இரண்டையும் அதேபோல எஃப், ஜி கார்டுகளுக்கு மாற்றிச் சேர்த்து, மூன்று பேர் மடியில் வைத்தேன். யார் முறையோ அவரைப் பார்த்துத் தலையசைப்பேன். சி வைத்திருந்த பாட்டிக்குப் பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. வலது கட்டைவிரலால் மட்டும் இழுத்தார். இரண்டாவது சரணத்தில் நான் தலையசைக்கும் முன்பே, சரியான இடத்தில் இழுத்துவிட்டார். எஃப் வைத்திருந்தவர் ஒருமுறை தவறியதும் பாட்டி அவரை ஒரு முறை முறைத்தார் பார், அசல் நம் பாட்டு டீச்சரேதான்!

பில் தாப்பியா என்று ஒருவர் இருந்தார், தெரியுமா? 1908-இல் ஹவாயின் ஹொனலுலுவில் பிறந்தவர். சின்ன வயதில் யுகுலேலே. அப்புறம் பல வருடம் ஜாஸ் கிதார். தொண்ணூறு தாண்டிய பிறகு யுகுலேலேவுக்கே திரும்பி, 2004-இல், 96 வயதில், தன் பெயரில் ஆல்பம் வெளியிட்டார். நூறு தாண்டியும் மேடை ஏறி, 2011-இல் 103 வயதில்தான் காலமானார். "இந்த வயதில் இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும்?" என்று கேட்கும் நிர்வாகிகளிடம் அவர் கதையைத்தான் சொல்வேன்.

மறதி நோய் உள்ளவர்கள் பகுதிக்கும் போகிறேன். பெற்ற மகளின் பெயர் வராதவருக்குப் பாட்டு முழுசாக வருகிறது. பக்கத்தில் மகளும் சேர்ந்து பாடும்போது நான் வாசிப்பைக் குறைத்துக்கொள்வேன்.

உன் மாமியார் பேச்சே குறைந்துபோய்ப் படுத்தே இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவருடைய பதினெட்டு வயதில் ஊரில் என்ன பாட்டு ஓடியது என்று நாத்தனாரிடம் விசாரித்து வை. டிசம்பரில் வரும்போது ஒரு யுகுலேலே எடுத்து வருகிறேன். அதற்குள் நீயே பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பாடிப் பார். எந்தக் கட்டையில் அவருக்குச் சௌகரியம் என்பதையும் எழுது.

அன்புடன்,
கமலா