மின்தேக்கிகள் கடைக்கோடிக்கு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்மாய்கள் வற்றி ஆழ்துளைக் கிணறுகளே கதியாகும் கோடையில், காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மின்னழுத்தக் குறைவு பற்றிப் பேச்சு எழுந்தாலே, புதிய மின்மாற்றி கேட்டு மனு எழுதுவதே நம் வழக்கமாக இருக்கிறது. மின்மாற்றி தேவைப்படும் இடங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதைவிடக் குறைந்த செலவில் மின்னழுத்தத்தையும் உயர்த்தி, கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தக்கூடிய மின்தேக்கிகளை, அதாவது கெப்பாசிட்டர்களை, உரிய இடத்தில் பொருத்துமாறு யாரும் கேட்பதில்லை.

புதுவயல் அரிசி ஆலைகளின் மோட்டார்களும் வயற்காட்டு பம்புசெட்டுகளும் சுழலக் காந்தப்புலம் வேண்டும். அதற்கான மின்னோட்டம், தண்ணீர் இறைக்கவோ நெல் அரைக்கவோ பயன்படாமல், துணை மின்நிலையத்துக்கும் மோட்டாருக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கிறது. கம்பியை மட்டும் மற்ற மின்னோட்டத்தைப் போலவே சூடாக்குகிறது. மோட்டாருக்கு அருகே மின்தேக்கி இருந்தால், இந்த மின்னோட்டத்தை அதுவே கொடுத்துவிடும்; கம்பி அதைத் தொலைவிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், திறன் காரணி, அதாவது ஓடும் மின்னோட்டத்தில் உண்மையான வேலைக்குப் பயன்படும் பங்கு, 0.75ஆக உள்ள பாதையில் அதை 0.95க்குக் கொண்டுவந்தால், 100 ஆம்பியர் ஓடிய இடத்தில் 79 ஆம்பியர் போதும்; கம்பி இழப்போ ஏறக்குறைய 38 சதவீதம் குறைந்துவிடும்.

மின்தேக்கியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துணை மின்நிலையத்துக்குள் வைத்தால், அதற்கு மேலே உள்ள பாதைக்கும் பெரிய மின்மாற்றிக்கும் சுமை குறையும். அங்கிருந்து ஊர்களுக்குப் புறப்படும் மின்பாதையான பீடரில் முன்பு ஓடிய மின்னோட்டமே ஏறத்தாழ அப்படியே ஓடும். சுமை ஒரே சீராகப் பரவிய பாதையில், காந்தமாக்கும் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள மின்தேக்கியை, பாதையின் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் வைத்தால், அத்தேவையால் நேரும் இழப்பில் 9இல் 8 பங்கு நீங்கும் என்பது, நீகிள், சாம்சன் ஆகியோர் 1956இல் வெளியிட்ட ஆய்வு முதல் பொறியாளர்கள் அறிந்த கணக்கு. ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்தால் அது 25இல் 24 பங்காகும். அதற்குமேல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை என்றே கருதுகிறேன்.

செட்டிநாட்டுப் பாதைகளில் சுமை அப்படிச் சீராக இருப்பதில்லை. ஆலைகள் ஓரிடத்தில் குவிந்திருக்கும், பிறகு பொட்டல்வெளி, அதைத் தாண்டிப் பம்புசெட்டுகள். பழைய வீடுகள் விடுதிகளாகி, குளிர்சாதனங்கள் பெருகிய ஊர்களில் சுமையின் நேரமும் வேறு. ஆகவே ஏட்டு விதியை அப்படியே பின்பற்றாமல், ஒவ்வொரு பீடரிலும் பல்வேறு நேரங்களில் அளந்து பார்த்தே இடத்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டும். மோட்டார்கள் ஓய்ந்த இரவில் பெரிய மின்தேக்கி இணைப்பிலேயே இருந்தால் மின்னழுத்தம் அளவு மீறும், இழப்பும் கூடும். எந்நேரமும் இருக்கும் குறைந்தபட்சத் தேவைக்கு மட்டும் நிலையான மின்தேக்கியை வைத்து, மீதியைத் தேவைக்கேற்பத் தானாக இணைந்து விலகும் வகையில் அமைப்பதே சரி.

பம்புசெட்டுக்கு அருகிலேயே மின்தேக்கி இருப்பதுதான் மிகச் சிறந்தது, ஏனெனில் தாழ்வழுத்தக் கம்பியின் இழப்பும் அதனால் குறைகிறது. ஆனால் இலவச மின்சாரம் பெறும் விவசாயிக்கு மின்கட்டணத்தில் இதனால் மிச்சம் ஏதும் இல்லாதபோது, பழுதான மின்தேக்கியை அவர் கைப்பணத்தில் மாற்றுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மிச்சமாகும் மின்சாரம் மின் பகிர்மானக் கழகத்துக்கே சேர்வதால், அந்தச் செலவையும் கழகமே ஏற்க வேண்டும்.

கம்பங்களில் பொருத்தப்படும் மின்தேக்கியின் உருகி (ஃபியூஸ்) போய்விட்டால் விளக்கு அணைவதில்லை. எவரும் புகார் செய்வதுமில்லை. எனவே மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடைக்கு முன் ஒருமுறை அவற்றைச் சோதித்து, ஒவ்வொரு பீடரின் திறன் காரணியையும் பிரிவு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறு மின் பகிர்மானக் கழகத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியியல் விரிவுரையாளர்,
காரைக்குடி.