கொடை கமிட்டியாருக்குக் கச்சேரி ரசிகர்கள் எழுதும் திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் கோயில் கொடைத் திருவிழா நடத்திவரும் கமிட்டித் தலைவர்கள், தர்மகர்த்தாக்கள், வரிதாரர்கள் ஆகிய பெரியோர்கள் அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

சித்திரை, வைகாசிக் கொடைகள் முடிந்து, ஆடிக் கொடைக்கு வரி பிரிக்கும் பேச்சு ஊருக்கு ஊர் தொடங்கியிருக்கிறது. மேளத்துக்கு யார், வில்லுப்பாட்டுக்கு யார், மைக்செட் யாருடையது என்று முடிவுசெய்து நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பாக இந்த மடல் உங்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காகவே இப்போது எழுதுகிறோம். நாங்கள் பாளையங்கோட்டையிலும் சுற்று ஊர்களிலும் இருக்கும் சாதாரண ரசிகர்கள். எங்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, பீடி சுற்றும் பெண்கள் உண்டு, பஸ் ஓட்டுகிறவர்கள் உண்டு. எந்த ஊரில் நல்ல வில்லு, எந்த ஊரில் நல்ல மேளம் என்று விசாரித்துப் போய்க் கேட்பதும், சீசன் முடிந்தபின் கூடியிருந்து கேட்டதைப் பேசிக்கொள்வதும் எங்கள் வழக்கம்.

இந்த ஆண்டுப் பேச்சில் எல்லோரும் வேறு வேறு ஊர்களின் கதையைச் சொன்னாலும், குறை மட்டும் ஒன்றாகவே இருந்தது. பாடினவர்களும் வாசித்தவர்களும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் அது எங்கள் காதுக்கு வந்து சேரவில்லை. கொடைக்கு நீங்கள் செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு கலைஞர்களுக்குப் போகிறது. அந்தக் கலையைக் கேட்க முடியாமல் ஆக்குகிற மைக்செட்டுக்கும் அதே ஊர்ப்பணந்தான் போகிறது. மைக்செட்டின் சத்தத்தைக் குறைத்து, அது எங்கே எப்படி வைக்கப்படுகிறது என்பதைக் கமிட்டியே கவனிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

வில்லுப்பாட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். அது கதை சொல்லும் கலை. சுடலைமாடனின் பிறப்பையோ முத்துப்பட்டனின் மரணத்தையோ ஒரு வார்த்தை விடாமல் கேட்டால்தான் அதற்குப் பொருள். வீசுகோல் வில்லின் நாணில் விழும்போது எழும் மணியோசை, உடுக்கையின் விம்மல், வைக்கோல் பிரிமணையில் உட்கார்ந்திருக்கும் மண்குடத்தின் வாயில் மட்டை படும்போது அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற அந்தக் கனத்த ஓசை, இவையெல்லாம் பாட்டுக்கு இடம்விட்டு அதன் கீழே ஓட வேண்டியவை. இன்று நடப்பதோ வேறு. குடத்துக்கு ஒரு மைக், உடுக்கைக்கு ஒரு மைக், தாளத்துக்கும் கட்டைக்கும் ஆளுக்கொரு மைக் என்று வைத்து, மிக்சரில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு ஏற்றிவிட்டு, போதாதென்று எக்கோவையும் திருப்பி வைத்துவிடுகிறார்கள். தலைமைப் பாடகர் ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அதற்கு முந்தைய வரியின் வால் வந்து அதன்மேல் விழுகிறது. பக்கப்பாட்டுக்காரர் போடும் ‘ஆமா’ மட்டும் நாலு தடவை கேட்கிறது.

இதோடு, கோயிலில் தொடங்கி ஊர் எல்லைவரை மின்கம்பந்தோறும் மரந்தோறும் கட்டப்படும் குழாய் ஸ்பீக்கர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். வயரில் வருகிற சங்கதியோ எல்லாக் குழாய்க்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே தெருவில் நிற்கிறவருக்கு அருகிலுள்ள குழாயின் சத்தம் உடனேயும், 170 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் அரை நொடி கழித்தும், அதற்கும் அப்பால் உள்ளது இன்னும் பிந்தியும் வந்து விழுகின்றன. அரை நொடியில் ஒரு முழுச் சீர் ஓடிவிடும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பாட்டில் எந்தக் காதாலும் சொல்லைப் பிரித்தெடுக்க முடியாது. அந்தக் குழாய், பேச்சுக் குரலைத் தூரத்துக்கு எட்டவைப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி. கீழ்த்தொனி அதில் ஏறாது என்பதால், குடத்தின் ஓசை அதில் வெறும் ‘டொக்’காகத்தான் வருகிறது. குடம் அடிக்கிறவர் ராத்திரி முழுக்கக் கைவலிக்க அடித்தும் தெருவில் இருப்பவர்களுக்கு அவர் அடித்ததே தெரியாது.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த கொடையைப் பற்றி எங்களில் ஒருவர் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். சாமியைக் கொடைக்கு அழைக்கும் குடியழைப்பு அன்று மாலை வில்லு பாட வந்தவர் ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மைக்செட் பையனைக் கூப்பிட்டு, “தம்பி, அந்த எக்கோவக் கழத்திருங்க. குடத்துக்கு மைக் வேண்டாம், எம் மைக்கே அதையும் எடுத்துக்கிடும்” என்று சொன்னாராம். பையன் தயங்கிக் கமிட்டிப் பெரியவரைத் திரும்பிப் பார்க்க, அவர், “அந்தப் பிள்ள சொல்லுததச் செய்யி” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தெருக்குழாய்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டுப் பந்தலின் இரு முனையில் இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் மட்டும் ஓடின. முதல் கால்மணி நேரம் கூட்டத்தில் முணுமுணுப்பு இருந்தது. சத்தம் பத்தாது என்று பின்வரிசையில் குரலும் எழுந்தது. பிறகு அந்தப் பின்வரிசை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தது. பிள்ளை வரம் கேட்டுத் தவமிருக்கும் பகுதி வந்தபோது, அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி பாட, குடக்காரர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு விரலால் மட்டும் தட்டினாராம். அந்த விரல் தட்டு பந்தலின் கடைசிவரை கேட்டது என்று நண்பர் சொன்னார். நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “இன்னைக்குத்தாம்ளா கதை காதுல விழுது” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னதையும் அவர் கேட்டிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டுக்காக அந்தக் கமிட்டி கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. குழாய்களின் வாடகை மிச்சமாகியிருக்கவும் கூடும்.

நாதஸ்வரம், தவில் விஷயத்தில் எங்கள் மனக்குறை இன்னும் அதிகம். காருகுறிச்சி அருணாசலம் பிறந்து வாசித்த மண் இது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, 1964இல் தமது நாற்பத்து மூன்றாம் வயதிலேயே மறைந்துவிட்ட அவருடைய வாசிப்பை நேரில் கேட்ட பெரியவர்கள் நம் ஊர்களில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்றே, தேர் முன்னாலும் வீதியிலும் வாசிப்பதற்கென்றே பிறந்த வாத்தியம். மைக் என்ற ஒன்று நம் நாட்டுக்கு வருவதற்கு முன்பே நான்கு ரத வீதியிலும் விடிய விடியக் கேட்டது. தவிலோ அதனினும் உரத்தது. வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்களும் இடப்பக்கமான தொப்பியில் கழியும் விழும்போது பத்தடி தூரத்தில் நிற்கவே காது கூசும். அப்படிப்பட்ட தவிலின் முகத்துக்கு நேரே மைக்கைக் கொண்டுபோய் வைப்பது எதற்காக என்று எங்களுக்கு விளங்கவில்லை. நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை நெளிவெடுத்து, மூச்சைப் பிடித்து, மேல் ஸ்தாயியில் மெல்லியதாக இழைக்கிற அந்தக் கணத்தில் தவிலின் ஒரே அடி பாக்ஸ் வழியாக வெடித்து அதை மூடிவிடுகிறது. தவில் கலைஞர்களும் இதை விரும்பவில்லை. தங்கள் கையின் நயம் தெரியாமல் போகிறது என்று அவர்களில் சிலர் எங்களிடமே வருந்தியிருக்கிறார்கள்.

நையாண்டி மேளமும், சுடலைமாடன் கோயில்களில் கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல்வாத்தியமும் இப்படித்தான். உச்சமும் மந்தமுமாக இரண்டு மகுடம் ஒன்றுக்கொன்று பதில் சொல்கிற அழகை மைக் இல்லாமல் இருபதடி தள்ளி நின்று கேட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நள்ளிரவு வழிபாடான சாமக்கொடையின்போது மேளமும் குலவையும் உச்சத்துக்குப் போக வேண்டும், சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வர வேண்டும் என்பதை நாங்கள் அறிவோம். அந்த நேரத்தின் சத்தத்தைப் பற்றி எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அது வழிபாடு. கோயில் முன்பு வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே முப்பதடி தள்ளிச் செண்டை மேளத்தை ஆட விடுவதையும், இரண்டுக்கும் இடையே கிடைக்கிற இடைவெளியில் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்புவதையுந்தான் சொல்கிறோம். செண்டை கேரளத்துக் கலை, நமக்கு எதற்கு என்று வாதாடுகிறவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள்; நான் அந்தக் கட்சி இல்லை. நல்ல செண்டையை நல்ல இடத்தில் நிறுத்தினால் கேட்கச் சுகமானதுதான். ஆனால் ஒரு மேடையில் கதை போகும்போது மற்றொன்று ஓய்ந்திருக்க வேண்டும் என்ற முறை வீட்டுக் கல்யாணத்தில்கூட உண்டு.

சட்டமும் இந்தப் பக்கந்தான் நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்பது விதியில் உள்ள அளவு. பல ஊர்களில் பத்து மணிக்குப் போலீசார் வந்து மைக்கை நிறுத்தச் சொல்லும்போது கதை பாதியில் நிற்கிறது. அதன்பின் நடக்கும் வாக்குவாதத்தில் வில்லுக்காரர்கள் செய்வதறியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பதரை மணிக்கு வில்லைத் தொடங்கினால் வேறென்ன ஆகும்? மாலை ஆறரைக்குத் தொடங்கிவிட்டால் முக்கியமான கதைப்பகுதி முழுவதும் பத்து மணிக்குள் அடங்கிவிடும் என்று வில்லுக்காரர்களே சொல்கிறார்கள்.

பிள்ளைகளின் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சேரி அரங்குகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறையில், எந்தப் பதினைந்து நிமிடத்தின் சராசரியும் 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. கொடைப் பந்தலில் பேஸ் பாக்ஸின்மேல் சாய்ந்தபடி சிறுவர்கள் தூங்கிப்போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே எத்தனை டெசிபெல் என்று அளந்து பார்க்க இன்று செல்போனே போதும். துல்லியமாக இராவிட்டாலும் ஆபத்தைக் காட்டிவிடும்.

இனி, அன்பளிப்பு அறிவிப்புகள். இன்னார் மகன் இன்னார் வில்லுப்பாட்டுக் குழுவினருக்கு 501 ரூபாய் என்பதைப் பாடகரே பாட்டோடு பாட்டாக வாழ்த்திப் பாடுவது பழைய வழக்கம். அதில் ஓர் இனிமையும் இருக்கிறது. இப்போது கமிட்டி மைக்கைத் தனியாக வைத்துக்கொண்டு, நடுப்பாட்டில் குறுக்கிட்டு வாசிக்கிறார்கள். அதுவும் போதாமல், வருகை தந்த பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்துவதற்காகத் தாயும் பிள்ளையும் பிரிகிற கட்டத்தில் பாட்டை நிறுத்தச் சொன்ன ஊரும் உண்டு. உபயதாரர் பெயர்களும் படங்களும் பளபளப்பாக நோட்டீசில் இருக்க, குடமும் உடுக்கையும் வாசிப்பவர்கள் மட்டும் ‘குழுவினர்’ என்று முடிந்துபோவதும் எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நான்கு பெயர் அச்சிட எவ்வளவு இடம் பிடிக்கும்?

கடைசி நாள் இன்னிசைக் கச்சேரியைப் பற்றி நாங்கள் நீட்டி எழுதப்போவதில்லை. அது இளைஞர்கள் ஆடிக் களிக்கும் நிகழ்ச்சி, சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பாடுகிறவரின் குரல் பேஸுக்குள் முழுகிவிடாமல் இருந்தால் போதும்.

மைக்செட்காரர்களைக் குறைசொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். “அண்ணாச்சி, சத்தம் பத்தல” என்று கமிட்டியில் ஒருவர் சொன்னால் அவர்கள் ஏற்றித்தான் ஆக வேண்டும். பக்கத்து ஊர்க் கொடையைவிட நம்மூர்ச் சத்தம் தூரமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி அவர்கள் கிளப்பியதன்று. ஆம்ப்ளிஃபயரின் பவரை இரட்டிப்பாக்கினாலும் வெறும் 3 டெசிபெல்தான் கூடும், அதைக் காது அவ்வளவாக உணராது, வாடகை மட்டுமே உணரும் என்பதை எங்களுக்கு விளக்கிச் சொன்னவரே ஒரு மைக்செட்காரர்தான்.

ஆகவே, ஆடிக் கொடைக்கு மைக்செட் பேசும்போதே சில விஷயங்களையும் சேர்த்துப் பேசிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். வில்லு நடக்கையில் தெருக்குழாய்கள் ஓடக் கூடாது, பந்தலுக்குள் மட்டும் பாக்ஸ் போதும். எக்கோ வேண்டாம். தவிலுக்கும் மகுடத்துக்கும் மைக் வைக்க வேண்டாம். எந்த வாத்தியத்துக்கு எவ்வளவு என்பதைக் கலைஞர் சொல்ல, மைக்செட்காரர் வைக்கட்டும்; நடுவில் கமிட்டியார் கை வைக்காமல் இருந்தால் போதும். நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்னதாகக் கலைஞர்களை மேடையில் உட்காரவைத்து ஒருமுறை சோதித்துப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். அந்தச் சோதனையின்போது பந்தலின் கடைசி வரிசையிலும், தெருமுனையிலும் நின்று கேட்டுச் சொல்வதற்கு ஆள் வேண்டுமென்றால் எங்களில் இருவர் மூவர் எந்த ஊருக்கும் சொந்தச் செலவில் வருவோம். கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டு அன்று சொல்லியனுப்பினால்கூடப் போதும். குடியழைப்பு அன்று மதியத்துக்குள் வந்து சேர்ந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வட்டாரக் கச்சேரி ரசிகர்கள் சார்பில்,
உங்களில் ஒருவன்