எர்த் கொடுக்காமல் வண்டியில் பொருத்திய இன்வெர்ட்டர்: புகார்

அனுப்புநர்
பழச்சாறு வண்டி உரிமையாளர்,
பாளையங்கோட்டை.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: இன்வெர்ட்டர் சார்ஜர் பொருத்தியதில் எர்த் குறைபாடு.

ஐயா,

என் வண்டியில் தாங்கள் பொருத்திய 2000 வாட் இன்வெர்ட்டர் சார்ஜரால் (பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கரண்ட் தந்து, வெளிக்கரண்ட் வரும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் இயந்திரம்) வண்டியைத் தொட்டால் ஷாக் அடிப்பதைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும், "மழைக்காலத்தில் லேசாக அப்படித்தான் பிடிக்கும்" என்று போனில் பதில் வந்தது. கரண்டுக்கு மழைக்காலம், வெயில்காலம் தெரியுமா?

ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் வண்டி போட்டிருந்தேன். நல்ல சாரல். போதாததற்கு ஆற்றில் முங்கி எழுந்து ஈரத்துணியோடு வரும் கூட்டம். எதிர் டீக்கடையில் கேட்டு, வண்டிக்குக் கரண்ட் எடுத்திருந்தேன். சர்பத் குடித்த ஓர் ஆச்சி எவர்சில்வர் மேடையில் காசை வைத்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். சில்லறை சகதியில் சிதறியது. "என்னய்யா, உன் வண்டி கடிக்கிறதே?" என்றார்.

அப்போதே கடையைக் கட்டிவிட்டேன். மறுநாள் வண்ணார்பேட்டையில் தெரிந்த எலக்ட்ரீஷியன், வண்டியில் கரண்டைக் கொடுத்து, மீட்டரின் ஒரு முனையை ஈரத்தரையிலும் மறுமுனையைக் கதவிலும் வைத்தார். 108 வோல்ட். பிளக் செருகும் பெட்டியைக் கழற்றினால், எர்த்துக்கான பச்சை ஒயர் எங்கும் முடுக்கப்படாமல், டேப் சுற்றி மூலையில் மடக்கிக் கிடக்கிறது! அதைச் சேசிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) பிடித்ததும் மீட்டர் சுத்தமாக இறங்கிவிட்டது. இன்று இன்வெர்ட்டரின் ஃபில்டர் வழியாகக் கசியும் சிறிய கரண்ட்தான். நாளை மிக்சி மோட்டாரில் இன்சுலேஷன் போனால் முழு 230 வோல்ட்டும் வண்டி பாடியில் ஏறும்.

இன்வெர்ட்டர் பெட்டியிலிருந்து சேசிஸுக்குப் போகும் ஒயரும் அதே லட்சணம். வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயர், அதுவும் பெயின்ட் சுரண்டாத போல்ட்டில். முழு லோடில் 12 வோல்ட் பக்கம் 170 ஆம்பியருக்கு மேல் ஓடும். பேட்டரியின் பாசிட்டிவ் கேபிள் உரசிப் பெட்டியில் பட்டால், 250 ஆம்பியர் ஃபியூஸ் போவதற்குள் இந்த ஒயர் எரிந்துவிடும்.

தங்கள் ஆள் ஆர்.சி.சி.பி.யின் (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சின்) டெஸ்ட் பட்டனை அழுத்தி, "பாருங்கள், டிரிப் ஆகிறது" என்று காட்டிவிட்டுப் போனார். எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும் என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலை (கரண்ட் திரும்பிவரும் ஒயரை) சேசிஸோடு சேர்த்து, வெளிக்கரண்ட் வந்ததும் பிரித்துவிடும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இன்வெர்ட்டரிலேயே இருக்கிறது. அந்த செட்டிங்கைப் போடவே இல்லை. அதனால் பேட்டரியில் ஓடும்போது பேஸ் ஒயர் பாடியில் பட்டாலும், கசியும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகாது.

15 நாளுக்குள் விவரம் தெரிந்த ஆளை அனுப்பி, சேசிஸ் ஒயரைத் தகுந்த கனத்தில் மாற்றி, எர்த்தை முறையாக முடுக்கி, ரிலேயைச் சரிசெய்து, மீட்டர் அளவுகளை எழுத்தில் தர வேண்டும். பொருத்துகூலியையும் திருப்பித் தர வேண்டும். தவறினால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுவேன். ரசீது, மீட்டர் படங்கள், டேப் சுற்றிய ஒயரின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அந்த ஒயரை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன், தங்கள் ஆள் வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்