அமிர்தசரஸுக்கு ஓர் இரவு கொடுங்கள்: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெல்லி, ஆக்ரா, ஹரித்துவார், அமிர்தசரஸ் என்று தமிழ்நாட்டிலிருந்து வட இந்தியப் பயணங்களை நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். மொழி தெரியாத ஊர்களுக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உங்களை நம்பித்தான் புறப்படுகிறார்கள். போகும் இடமெல்லாம் ரசம் சாதம் கிடைக்க வேண்டும் என்று சமையல்காரரையே உடன் அழைத்துச் செல்பவர்கள் உங்களில் உண்டு. அந்த அக்கறையின் மீது எனக்குள்ள மதிப்பால்தான் உரிமையோடு எழுதுகிறேன்.

உங்கள் பயணத் திட்டங்களில் அமிர்தசரஸ் பெரும்பாலும் ஒரே பகலில் முடிந்துவிடுகிறது. காலையில் பொற்கோயில், அடுத்து ஜாலியன்வாலா பாக், அவசரமாக மதியச் சாப்பாடு, உடனே பாகிஸ்தானை ஒட்டிய அட்டாரி எல்லைக்குப் புறப்பாடு. கொடியிறக்க நிகழ்ச்சி சூரியன் சாய்வதற்குள் நடக்கும்; எல்லையோ சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்து விரட்ட வேண்டியதாகிறது. பொற்கோயிலின் உள்ளே தரிசனத்துக்கு வரிசை நீளமாக இருந்தால், குளத்தின் இக்கரையிலேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் ரயிலில் வந்த முதியவர்கள் ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்தபடி வெளியேறுவதை நான் கண்டிருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

அங்கே ஓர் இரவு தங்க வையுங்கள். நான் கேட்பது இதுதான்.

சீக்கிய குருவான குரு ராம் தாஸ் காலத்தில் வெட்டிய குளம் அது. அடுத்த குரு அர்ஜன் அதன் நடுவே எழுப்பிய ஹர்மந்திர் சாஹிப்பில், அதாவது பொற்கோயிலில், 1604-இல் சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தம் எழுந்தருளியது. பொற்தகடுகள் வெகுகாலம் கழித்து, மகாராஜா ரஞ்சித் சிங் ஆட்சியில் வேய்ந்தவை. பகலில் வருபவர் கண்ணுக்கு அந்தப் பொன்தான் படுகிறது. கிரந்தத்துக்குச் செய்யும் மரியாதையைக் காண வேண்டுமானால் இரவில் இருக்க வேண்டும். குரு கிரந்த் சாஹிப் என்று இன்று வணங்கப்படும் அந்தப் புனித நூலைப் பல்லக்கில் ஏற்றி, எதிரே உள்ள அகால் தக்து என்னும் சீக்கியத் தலைமைப் பீடத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். விடியுமுன் அதே பல்லக்கில் திரும்பவும் ஆலயத்துக்கு வருகிறது. தோள் கொடுக்க மக்கள் முண்டியடிக்கிறார்கள். பள்ளியறை பூஜையும் திருப்பள்ளியெழுச்சியும் அறிந்த நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்; பார்த்த கணத்தில் கைகுவிப்பார்கள்.

பொற்கோயிலின் இலவச உணவுக்கூடமான லங்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் சமையல்காரருக்கு அன்று ஒருவேளையாவது ஓய்வு கொடுங்கள். இரவு பகல் பாராமல், சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல், நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு அங்கே சோறு போடுகிறார்கள். எல்லோரும் தரையில் ஒரே வரிசை. ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். வாங்கியதை வீணாக்கக் கூடாது. சாப்பிட்டு எழுந்தபின் பூண்டு உரிக்கலாம், ரொட்டி தேய்க்கலாம், தட்டுக் கழுவலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். வாழ்நாள் முழுவதும் அடுப்படியிலேயே நின்ற நம் அம்மாக்கள் முன்பின் தெரியாத பஞ்சாபிப் பெண்களோடு அமர்ந்து ரொட்டி தேய்க்க ஒரு மணி நேரம் கிடைத்தால், பேச மொழி இல்லாவிட்டாலும் சிநேகம் பிறந்துவிடும். அதற்கு நேரம் ஒதுக்காத திட்டம் எனக்குக் குறையுள்ளதாகவே தெரிகிறது.

ஜாலியன்வாலா பாக் நடந்தே போகும் தூரம். 1919 ஏப்ரல் 13 அன்று அங்கே கூடியிருந்த மக்களைச் சுட, ஆங்கிலேய ஜெனரல் டயரின் படை அதன் குறுகிய சந்து வழியாகத்தான் நுழைந்தது. இயந்திரத் துப்பாக்கி பொருத்திய கவச வண்டிகள் உள்ளே வர முடியாத அளவுக்கு வழி ஒடுக்கம். சுமார் பத்து நிமிடத்தில் 1,650 குண்டுகள். அரசுக் கணக்கில் மட்டும் 379 உயிர்கள். கூடியிருந்தவர்களில் பலர் வைசாகித் திருநாளுக்காகவும் மாட்டுச் சந்தைக்காகவும் வந்த வெளியூர்க்காரர்கள்; பொற்கோயிலை வணங்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர்களும் அவர்களில் உண்டு. இதைப் பஸ்ஸில் வரும்போதே தமிழில் சொல்லிவிடுங்கள். சந்தின் சுவர்களில் இப்போது சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றின் முன் சிரித்துக்கொண்டு குழுப்படம் எடுப்பதை வழிகாட்டிகள் ஊக்குவிக்க வேண்டாம். குண்டுக்குத் தப்ப மக்கள் குதித்த கிணற்றருகே சற்று நேரம் பேசாமல் நிற்க விடுங்கள்.

அதற்கப்புறமும் நேரம் இருந்தால், பழைய நகர மண்டபத்தில் 2017-இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லையில் கைதட்டப் போகிறவர்கள், அந்தக் கோடு வீடுகளை எப்படிப் பிளந்தது என்பதை முதலில் அங்கே பார்த்துவிட்டுப் போகட்டும்.

பொற்கோயிலுக்குப் போகுமுன் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஆண்களும் தலையை மூட வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை எதையும் கொண்டுபோகக் கூடாது. காலணியை ஒப்படைத்து, கால் கழுவித்தான் நுழைய வேண்டும். ஆலயத்தின் உள்ளே படம் எடுக்கக் கூடாது. வாசலில் காவலர் சொல்லித் தெரிந்துகொண்டு கூனிக்குறுகும் நிலை நம் பெரியவர்களுக்கு வேண்டாம்.

ஓர் இரவு கூடினால் கட்டணம் உயரும் என்பீர்கள். டெல்லியில் கடைத்தெருவுக்காக ஒதுக்கும் நாளை எடுத்துவிடுங்கள், கணக்கு சரியாகிவிடும். முடியாதென்றால், கூடுதல் தொகையைக் குறிப்பிட்டு இரண்டு திட்டங்களையும் அச்சிட்டு எங்களிடம் கொடுங்கள். எது வேண்டும் என்பதை நாங்கள் தேர்ந்துகொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பயணிகளில் ஒருவர்