டென்மார்க்கைச் சோசலிச நாடு என்று எழுதுவதை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய நாளிதழ் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் டென்மார்க் மறுபடியும் "சோசலிச நாடு" ஆகியிருப்பது குறித்து நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்தைய இரண்டும் உங்கள் மேசையில் எங்கேனும் கிடக்கும் என்பதால் அவற்றில் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. இம்முறை எழுத வைத்தது என் அக்காள் மகளின் கட்டுரை ஏடு. "டென்மார்க் சந்தைப் பொருளாதார நாடு" என்று அவள் எழுதிய வரியைப் பள்ளியில் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "சோசலிச நாடு" என்று திருத்தியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்ட பிள்ளையிடம் உங்கள் கட்டுரையின் நறுக்கைக் காட்டினார்களாம். அந்த வரியை அவளுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தவன், பதினோரு ஆண்டுகளாக டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் வேலை பார்க்கும் நான்.

என் சம்பளச் சீட்டில் முதலில் 8 விழுக்காடு தொழிற்சந்தைப் பங்களிப்பு என்ற வரியாகக் கழிகிறது. வருமான வரி அதற்குப் பிறகுதான். மிஞ்சியதில் பால் வாங்கினாலும் 25 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி உண்டு. மருத்துவமனையிலும் பல்கலைக்கழகத்திலும் கட்டணமில்லாமல் இருப்பது இந்தப் பணத்தால்தான். ஆனால் நான் வேலை செய்யும் ஆலை தனியாருடையது. பொம்மை நிறுவனமான லெகோவும் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் அப்படியே. குறைந்தபட்ச ஊதியத்துக்கு இங்கே பொதுச் சட்டமே கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் பேசி முடிவு செய்கின்றன. ஆலை யார் கையில் இருக்கிறது என்பதல்லவா சோசலிசத்தின் முதல் கேள்வி? 2015-இல் அன்றைய பிரதமர் லார்ஸ் லொக்கே ராஸ்முசென் ஹார்வர்டில் பேசியபோதே, தம் நாடு சோசலிசத் திட்டப் பொருளாதாரம் அல்ல, சந்தைப் பொருளாதாரம் என்று தெளிவாகச் சொன்னார். அவர் வலதுசாரி என்று நீங்கள் ஒதுக்கலாம். பக்கத்து நாடான சுவீடனில் 2004-இல் வாரிசு வரியை ஒழித்ததோ இடதுசாரியான சமூக ஜனநாயகக் கட்சியின் அரசு.

பெயரை வைத்துத்தான் முடிவு செய்வது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. போர்ச்சுகல் அரசமைப்பின் முகவுரையில் 1976 முதல் சோசலிச சமூகம் என்ற சொல் உண்டு. நம் முகவுரையிலும் அதே ஆண்டில்தான் 42-ஆவது திருத்தம் அச்சொல்லைச் சேர்த்தது. அந்தக் கணக்கில் கோயம்புத்தூர் மில் முதலாளிகளும் சோசலிஸ்டுகளே. அவர்களைப் பற்றியும் ஒரு ஞாயிறு மலர் போடலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. கேட்பது ஒன்றுதான்: "சோசலிச நாடு" என்பதைக் கைவிட்டு, சந்தைப் பொருளாதாரத்தில் இயங்கும் மக்கள்நல அரசு என்று எழுதுங்கள், அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அந்த நறுக்கையும் பிள்ளை தன் ஏட்டில் ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஆர்ஹுஸ்