பாப்பாவின் இரண்டாவது டீம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்கம்மா முழங்காலுக்குத் தைலத்தை மாற்றியிருக்கிறாள், அதுதான் புதுச் செய்தி. புதன்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் மழுப்பினேன். பாப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், அவள் காதில் விழும்படி எதையும் சொல்ல மனசில்லை. அதனால் தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

பாப்பாவின் சியர்லீடிங் கோச் கேட்டது இதுதானே? யூத் லெவல் 2 டீமில் ஃப்ளையராக, அதாவது மற்றவர்கள் தூக்கி நிறுத்துகிறவளாக இருக்கிறவள், சீசன் முடிகிற வரைக்கும் வயசிலும் கடினத்திலும் ஒரு படி மேலான ஜூனியர் லெவல் 3 டீமிலும் ஃப்ளையராக ஏறட்டும். அங்கே ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கிராஸ்ஓவர் (ஒரே ஆள் இரண்டு டீமில் ஆடுவது) என்பதால் பாதி ஃபீஸ் போதும். பெரிய வாய்ப்பு என்றாய். எனக்கு இது முதலில் அவர்களுடைய தேவையாகத் தெரிகிறது. தேவை என்பதாலேயே தப்பு என்று சொல்லமாட்டேன். பாதி ஃபீஸ் என்கிற இடத்தில் கொஞ்சம் நின்று யோசி என்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே வந்திருந்தபோது டாலஸ் கன்வென்ஷன் சென்டரில் அந்தப் பெரிய போட்டியை இரண்டு நாளும் உட்கார்ந்து பார்த்தேனே, அதிலிருந்து சொல்கிறேன். (இங்கே ஊரில் சியர்லீடர் என்றால் இன்னும் ஐபிஎல்தான். பெரியப்பா என்னிடம், "பேத்தி பவுண்டரிக்கு ஆடுறாளா?" என்று கேட்டார். 2021-லேயே ஒலிம்பிக் கமிட்டி இதை விளையாட்டாக முழுசாக அங்கீகரித்துவிட்டது என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை.) இரண்டரை நிமிஷ ஆட்டம். 54 அடிக்கு 42 அடி ஸ்பிரிங் தரை. தூக்குகிற குழு ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் நாலு பேர்: கீழே தாங்குகிற இரண்டு பேஸ், பின்னால் நின்று பிடிக்கிற ஒரு பேக்ஸ்பாட், மேலே ஒருத்தி. மேலே ஏறுகிறவள் வராவிட்டால் மற்ற மூன்று பேரும் சும்மா நிற்க வேண்டியதுதான், குழுக்கள் சேர்ந்து கட்டுகிற பிரமிடையும் மாற்றிப் போட வேண்டும். எத்தனை குழு தூக்குகிறது, எத்தனை பேர் டம்ப்ளிங் (தரையில் கரணம் அடிப்பது) செய்கிறார்கள் என்பதற்கும் மார்க் உண்டு என்பதால், ஒரு ஆள் குறைந்தால் டீமே கீழே போகும். அதனால் கோச் ஆள் தேடுவதில் குற்றமே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதினவன் நான், நானும் தேடியிருப்பேன்.

ஆனால் அதே கணக்கை மறுபக்கமும் போட்டுப் பார். பாப்பாவுக்கு ஒரு கை பிசகினால் இப்போது ஒரு டீம்தான் தடுமாறும். நாளைக்கு இரண்டு டீம் தடுமாறும். அவளை நம்பி நிற்கிற மூன்று பேர் ஆறு பேராகிவிடுவார்கள்.

நம்ம பக்கம் கோயில் கொடைக்கு ராத்திரி கபடி நடக்குமே, நோட்டீசிலேயே போட்டிருப்பார்கள்: ஒருவர் ஒரு அணிக்கு மட்டுமே ஆட வேண்டும். நல்ல ரைடர் ஒருவன் கிடைத்தால் இரண்டு ஊர்க்காரர்களும் பைக் அனுப்பிக் கூப்பிடுவார்கள், அதைத் தடுக்கத்தான் அந்த வரி. ஆனால் அதற்குள் வேறொரு நன்மையும் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது ஆட்டம் ஆடுகிறவனுக்குத்தான் முட்டி போகும். ஏறிப் போகும்போது தெம்பாகத்தான் இருப்பான், திரும்பி ஓடி வரும்போதுதான் கால் மடங்கும். அந்த வரி இல்லாத போட்டிகளில் நம்ம பள்ளிப் பையன்கள் சிலரை நானே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போயிருக்கிறேன்.

இனி மணிக்கணக்குக்கு வருகிறேன். ஒரு டீமுக்கு வாரத்தில் இரண்டு பிராக்டிஸ், தலா இரண்டரை மணி நேரம். இரண்டு டீம் என்றால் பத்து மணி. டம்ப்ளிங் கிளாஸ் ஒன்றரை. ஆக பதினொன்றரை. பாப்பாவுக்கு 11 வயசு. வயசு எத்தனையோ அத்தனை மணிக்கு மேல் ஒரு வாரத்தில் பயிற்சி போனால் உடம்பில் தேய்மானக் காயம் கூடுகிறது என்று விளையாட்டு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவர் சங்கம் 2016-ல் சொன்னது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த ஆட்டத்திலிருந்து விலகி இருக்க வேண்டும் என்று. உங்கள் ஊரில் மே மாதம் டிரைஅவுட் (ஆள் தேர்வு) வைத்து ஆரம்பித்தால் அடுத்த ஏப்ரல், மே வரை இழுக்கிறது. மூன்று மாதத்தை எங்கே போய்த் தேடுவாய்?

போட்டி நாள் இன்னும் மோசம். ஒரு டீமுக்கு இரண்டு நாளும் ஒவ்வொரு ஆட்டம் என்றால் இவளுக்கு நாலு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வார்ம்அப் வேறு. கரணத்துக்கு ஒரு விரிப்பு, தூக்குவதற்கு ஒரு விரிப்பு என்று நகர்த்திக்கொண்டே போவார்கள், அங்கேயும் முழுப் பலத்தோடுதான் செய்ய வேண்டும். நான் ஹாலுக்கு வெளியே கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு எதிரே ஒரு பிள்ளை. பாப்பா வயசுதான் இருக்கும். ஒரு கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள், யாரோ ஒரு அம்மா மணிக்கட்டில் டேப் சுற்றுகிறார். இன்னொரு கையில் பிஸ்கட். தலைமுடி ஸ்பிரேயில் கம்பி மாதிரி நிற்கிறது, தலையில் கட்டிய ரிப்பன் மட்டும் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. தூரத்தில் இருந்து கோச் கையாட்டுகிறார். அந்தப் பிள்ளை எழுந்து நாலடி வைத்து, திரும்பித் தன் அம்மாவிடம், "இப்போது எந்த டீம்?" என்று கேட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இரண்டு பாட்டு, ஒன்று முதல் எட்டு வரை எண்ணி ஆடுகிற கணக்கும் இரண்டு, இரண்டு வகைப் பேஸ்கள். ஒரு டீமில் ஐந்தில் ஏறுவாள், இன்னொன்றில் ஏழில். தூக்குகிறவர்கள் ஒரு எண் முன்னால் தூக்கினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதுவும் லெவல் 2-ல் தலைக்கு மேல் தூக்கும்போது இரண்டு காலிலும் நிற்கிறாள். ஒற்றைக் கால் என்றால் தோள் மட்டத்தோடு சரி. லெவல் 3-ல் கை முழுக்க நீட்டிய உயரத்திலேயே ஒற்றைக் கால். அதைப் பழக மாசக்கணக்கு வேண்டும். இவளைச் சில வாரத்தில், பழகாத கைகளின் மேல் ஏற்றப்போகிறார்கள்.

அதனால் என் பதில் இது: இந்த டீமுக்கு வேண்டாம்.

கிராஸ்ஓவரே கூடாது என்று சொல்கிறேன் என நினைத்துவிடாதே. அடுத்த வருஷம் அதே ஜிம்மில் லெவல் 1 டீமில் பேஸாக நிற்கக் கேட்டால், மணிக்கணக்கு ஒத்து வந்தால், தாராளமாக அனுப்பு. பாப்பா இதுவரை யாரையும் தூக்கியதில்லை. தான் மேலே கொஞ்சம் ஆடினால் கீழே இருக்கிறவள் மணிக்கட்டு என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு சீசன் தோள்கொடுத்துப் பார்த்தால் நல்ல ஃப்ளையராக வருவாள். வேலை வேறாக இருந்தால் படிப்பு. அதே வேலையை இரண்டு இடத்தில் செய்தால் அது ஓவர்டைம். பதினொரு வயசுக்கு ஓவர்டைம் எதற்கு?

இன்னொன்று. போன் வீடியோவில் அவள் பேசிக்கொண்டே இடது மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தாள், நீ கவனித்தாயா? ஹாண்ட்ஸ்பிரிங் (கையை ஊன்றிக் கரணம்) போடுகிற பிள்ளைகளுக்கு அங்கேதான் முதலில் தெரியும். எலும்பு வளர்கிற நுனி அந்த இடத்தில் மென்மையாக இருக்கும். "ஜிம்னாஸ்டுகளுக்கு வருகிற வலியா?" என்று டாக்டரிடம் நேராகக் கேள். முதுகு வளைக்கும்போது இடுப்பில் வலிக்கிறதா என்றும் பாப்பாவிடம் கேள். கோச் முன்னால் கேட்காதே, காரில் வரும்போது கேள். கோச் முன்னால் எந்தப் பிள்ளையும் வலிக்கிறது என்று சொல்லாது. என் பையன்கள் ஒருத்தன்கூடச் சொன்னதில்லை.

கோச்சிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதே. "இந்த சீசன் ஒரே டீம், அடுத்த டிரைஅவுட்டில் பேஸாகவும் பாருங்கள்" என்று சொல். நல்ல கோச்சாக இருந்தால் முகம் கோணமாட்டார். கோணினால் அதையும் தெரிந்துகொண்டது நல்லதுதான். பாப்பா அழுவாள். இரண்டு நாள் அழட்டும். தாத்தா சொன்னதால்தான் என்று என் தலையில் போட்டுவிடு, எனக்குப் பரவாயில்லை.

எதிர்வீட்டுப் பையன் அடுத்த வாரம் டாலஸ் வருகிறான். உங்கம்மா பருப்புப்பொடியும் அதிரசமும் கட்டிவைத்திருக்கிறாள். எலுமிச்சை ஊறுகாயும் வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் சொல், பெட்டியில் இன்னும் ரெண்டு கிலோவுக்கு இடமிருக்கிறதாம்.

அன்புடன்,
அப்பா